தூக்குகிறவன் தட்டைப் பார்க்கக் கூடாது

ஐம்பது வயதைத் தாண்டிப் பளு தூக்குகிறவன் காலையில் எழுந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை வெந்நீர் வைப்பது. பல் விளக்குவதெல்லாம் அப்புறம். சூடான துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் கை நம்முடையது என்ற நினைப்பே வரும். இதைச் சொன்னால் பயிற்சிக் கூடத்தில் இருக்கிற இளவட்டங்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கும் ஒருநாள் ஐம்பது வரும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. அவசரமில்லாமல் சொல்கிறேன். என் பெயர் மாயவன். ரயில்வேயில் கேங்மேன். அரியலூருக்கு இரண்டு பக்கமும் தண்டவாளத்தில் என் கை படாத இடம் கிடையாது. வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் நான் இருந்தது மதார் பாய் ஆரம்பித்த தேகப் பயிற்சிக் கூடத்தில். பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். மலேயாவில் இரும்புக்கடையில் இருந்தபோது பளு தூக்கக் கற்றுக்கொண்டு வந்தவர். இப்போது அவர் இல்லை. கூடம் இருக்கிறது.

சிமென்ட் ஊரில் இரும்புத் தட்டு எதற்கு என்பார் பாய். எங்கள் கம்பி இரும்பு, அதில் கோக்கிற தட்டுகள் சிமென்ட். சிமென்ட்டில் இரும்புக் கழிவைக் கலந்து, தகர வளையத்தில் ஊற்றி, ஈரச்சாக்கு போட்டு இறுக விடுவோம். எல்லாம் ஒரே அச்சு, ஒரே நிறம். தட்டின் மேல் எண் கிண் எதுவும் கிடையாது.

பாய் வைத்த விதிகள் இரண்டு. தூக்குகிறவன் தட்டைப் பார்க்கக் கூடாது என்பது ஒன்று. பாரம் போடுவது கூட நிற்கிறவன் வேலை. அவன் போட்டுவிட்டு எடையைச் சொல்வான். தூக்குகிறவன் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சொன்னதை நம்பித் தூக்க வேண்டும். கண் எண்ண ஆரம்பித்தால் கை பயந்துவிடும் என்பது பாயின் கணக்கு. இரண்டாவது விதி, தூக்குகிறவன் வாயைத் திறந்து ‘புடி’ என்று சொல்லும் வரை நிற்கிறவன் கம்பியைத் தொடக் கூடாது. சொல்லாமல் தொட்டால் அதற்குப் பெயர் உதவியில்லை, அவமரியாதை. இந்த இரண்டு விதியையும் நான் ஒருநாளும் மீறியதில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கூட நிற்கிறவன் வீரமுத்து. எங்கள் தெருக்காரன்தான். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். சிமென்ட் ஆலையில் கொத்தனார் வேலை. தட்டு வார்ப்பதும் அவனே. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அந்தக் குறை தெரியாமல் இருந்ததென்றால் அது வீரமுத்துவால்தான். அவனை எனக்கு மிகவும் பிடிக்கும். இதை நான் எதற்காகவும் மறைக்கப் போவதில்லை.

பரிவட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் வெளியூர், தெரிந்திருக்காது. பெரியதெரு மாரியம்மன் கோயிலில் என் அப்பா கொடிமரத்தைத் தாண்டி உள்ளே போனதில்லை. தர்மகர்த்தா வீட்டு வயலில் கூலி வேலை செய்தவர் அவர். தேரடிக்கு அந்தப் பக்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். அறுபத்து மூன்றில் திருவிழாக் கடைசி நாள், கோயில் வாசலில் மேடை போட்டு எங்கள் கூடத்துக்காரர்கள் பளு தூக்கிக் காட்டினோம். கடைசியாக நான் தொண்ணூறு கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தினேன். தர்மகர்த்தாவுக்கு என்ன தோன்றியதோ, அர்ச்சகர் கையிலிருந்த பட்டுத் துணியை வாங்கி என் தலையில் பரிவட்டமாகக் கட்டிவிட்டார். அப்பா அதைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து நெடுநேரம் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷமும் கட்டினார்கள். அதற்கடுத்த வருஷம் அது வழக்கமாகிவிட்டது. கடைசியாகத் தொண்ணூறு கிலோவைத் தூக்குகிறவனுக்குப் பரிவட்டம். வருஷத்தின் மற்ற நாளெல்லாம் அந்தத் தெருவில் நான் செருப்புப் போட்டு நடந்தால் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஒருநாள் மட்டும் தலையில் பட்டோடு நடு வீதியில் நடந்து வருவேன். எனக்கு வாழ்க்கையில் கிடைத்தது அதுதான். அதற்கு மேல் ஆசைப்பட்டதும் இல்லை.

எழுபத்தேழில் திருச்சியில் வெள்ளம் வந்ததே, அதற்கு முந்தின மாதம் தோள் போயிற்று. தலைக்கு மேல் தூக்கிய கம்பி பின்பக்கம் சாய்ந்தது. விட்டிருக்க வேண்டும். விடாமல் இழுத்துப் பிடித்தேன். உள்ளே ஈரத்துணி கிழிகிற சத்தம் கேட்டது. திருச்சி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் காப்பித் தம்ளருக்கு மேல் எதையும் தூக்காதீர்கள் என்றார். டாக்டருக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். கை மெலிந்து கருவேலங்குச்சி போல இருந்தது. அவர் சொல்லி நான் கேட்பதா என்று வந்துவிட்டேன்.

காயம்பட்ட தோளோடு பயிற்சி செய்வதற்கு ஒரு முறை உண்டு. எது வலிக்கிறதோ அதை விட்டுவிட்டு, வலிக்காததை எல்லாம் விடாமல் செய்ய வேண்டும். எனக்குத் தரையிலிருந்து இடுப்பு வரை எதை இழுத்தாலும் வலி இல்லை. நெஞ்சு வரைக்கும் கூடப் பரவாயில்லை. முகவாய்க்கு மேல் கை போனால்தான் தோளில் கொள்ளிக்கட்டை வைத்தது போலிருக்கும். ஆகவே தரையிலிருந்து இழுத்தேன். கம்பியை முன்பக்கம் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். பெஞ்சில் மல்லாந்து படுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துத் தள்ளினேன். வீட்டில் சுவரோரம் நின்று வலது கை விரல்களால் சுவரில் மேலே மேலே ஏறுவேன். எட்டிய இடத்தில் கரிக்கோடு போடுவேன். என் மனைவி தனம் அதைப் பார்த்து, இந்த வீட்டில் ஏற்கெனவே பல்லி இருக்கிறது, நீங்கள் வேறு எதற்கு என்பாள். கிணற்று உருளையில் கயிறு போட்டு, நல்ல கையால் இழுத்துக் கெட்ட கையை உயர்த்துவேன். கரிக்கோடு வாரத்துக்கு ஒரு விரற்கடை ஏறும். சில வாரம் இறங்கிவிடும். இறங்கிய நாளில் நான் யாரோடும் பேச மாட்டேன்.

எழுபத்தெட்டுத் திருவிழாவில் வீரமுத்து தூக்கியிருக்கலாம். அவனால் முடியும். அண்ணன் கை சரியாகட்டும் என்று சொல்லி நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டான். தர்மகர்த்தா கூப்பிட்டனுப்பி, அடுத்த வருஷமும் ஆள் இல்லையென்றால் அந்த வழக்கத்தை விட்டுவிடலாம் என்று சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கு அது ஒரு முழத் துணி.

அந்த ஐப்பசியில்தான் மறுபடி தலைக்கு மேல் தூக்க ஆரம்பித்தேன். முதலில் வெறும் கம்பி. பிறகு சின்னத் தட்டு. வீரமுத்து பாரம் போடுவான், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், அவன் எடையைச் சொல்வான். நாற்பது என்றான், தூக்கினேன். மார்கழியில் அறுபது என்றான், வலித்தது, ஆனால் தூக்கினேன். மாசியில் ஒருநாள், “அண்ணே, தொண்ணூறு போட்டுட்டேன், வாங்க” என்றான். கம்பி தலைக்கு மேல் போய் நின்றது. கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். வீரமுத்து அழுதுவிட்டான். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது என்பதே மறந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

பங்குனியில் அது உடைந்தது. தூக்கி முடித்துக் கம்பியை மணலில் போட்டேன். கொஞ்சம் விலகிப் பெஞ்சுக் காலில் தட்டு இடித்து விளிம்பு பெயர்ந்தது. கூடத்தில் அப்போது வேறு யாரும் இல்லை. வீரமுத்து முகம் துடைக்க வெளியே போயிருந்தான். பெயர்ந்த இடத்தில் இரும்புக் கழிவைக் காணவில்லை. உமி இருந்தது. நெல் உமி. மேலே விரல் கனத்துக்குச் சிமென்ட் பூச்சு, உள்ளே உமி கலந்த கலவை. விரலை விட்டுக் கிளறினால் பொலபொலவென்று கொட்டியது.

வீரமுத்து உள்ளே வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். நான் கோபப்படவில்லை. எத்தனை தட்டு இப்படி என்று மட்டும் கேட்டேன். எல்லாவற்றையும் காட்டினான். உமித் தட்டுகளின் ஓரத்தில், ஈரமாக இருக்கும்போதே கட்டைவிரலை அழுத்தி ஒரு குழி வைத்திருந்தான். அவனுக்கு மட்டும் தெரியும்படி. இடுப்பு வரை இழுக்கிற பயிற்சிக்கும் உட்கார்ந்து எழுகிற பயிற்சிக்கும் அவன் நல்ல தட்டைத்தான் போட்டிருக்கிறான். அதில் ஏமாற்றத் தேவையிருக்கவில்லை. தலைக்கு மேல் தூக்கும்போது மட்டும் குழி வைத்த தட்டு.

“ஏன்டா இப்படிப் பண்ண?” என்றேன்.

“நீங்க சுவத்துல கோடு போட்டுக்கிட்டு நின்னதப் பார்த்தேண்ணே. மனசு கேக்கல” என்றான். “திருவிழாவுல இதையே தூக்குங்க. ஊருக்கு என்ன தெரியப் போவுது? எனக்கும் அம்மனுக்கும்தான் தெரியும்.”

நீயே தூக்கிப் பரிவட்டம் கட்டிக்கொள் என்று சொன்னேன். மனதார அல்ல, அவன் என்ன சொல்கிறான் என்று பார்க்கத்தான்.

“அது நீங்க வாங்குனது. நீங்க இருக்கயில நான் வாங்குனா என் தலையில நிக்காதுண்ணே.”

நல்ல பதில். அவன் மனதிலிருந்து வந்த பதில். நான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். உடைந்த தட்டுக்குப் பதிலாக மறுநாளே ஒன்று வார்த்துக் கொண்டுவந்துவிட்டான். அதிலும் குழி வைத்திருந்தான்.

அந்த வாரம் கடலை மண்டியில் தட்டுகளைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அவன் தொண்ணூறு என்று சொன்னது, கம்பியோடு சேர்த்து ஐம்பத்தைந்து. பிறகு கூடத்தில் ஆள் இல்லாத நேரத்தில் நல்ல தட்டைப் போட்டு, உண்மையான தொண்ணூறைத் தூக்கிப் பார்த்தேன். நெஞ்சுக்கு வந்தது. முகவாய்க்கு வரும்போது தோள் நின்றுவிட்டது. தள்ளினேன், அசையவில்லை. நான் செய்த உருளை, கரிக்கோடு, வெந்நீர் எல்லாமாகச் சேர்ந்து என்னைக் கொண்டுவந்து நிறுத்திய இடம் அதுதான். அதற்கு மேல் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவமானம் என்பது யாருக்காவது தெரிந்தால்தானே.

இதை நான் நிதானமாக யோசித்தேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. பாரம் என்பது என்ன, ஐயா? போட்டவன் சொல்வதுதான் பாரம். தூக்குகிறவன் பார்ப்பதில்லை, மேடைக்குக் கீழே நிற்கிற சனம் நிறுத்துப் பார்ப்பதில்லை. அது ஐம்பத்தைந்து என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒன்று நான். நான் மறந்துவிடலாம், மனிதனால் முடியும். இரண்டாவது அம்மன். அவள் யாரிடமும் சொல்லப் போவதில்லை. மீதி இருந்தது வீரமுத்து. அவனும் சொல்லமாட்டான்தான். ஆனால் நான் பட்டோடு வீதியில் நடந்து வரும்போது, கூட்டத்தில் அவன் முகம் இருக்கும். அன்பாகத்தான் பார்ப்பான். அந்த அன்பை வருஷா வருஷம் என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது.

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை. கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் பஸ் பிடித்து சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் போயிருந்தார்கள். வெள்ளியும் திங்களும்தானே அங்கே நடை திறப்பார்கள். சாயங்காலம்தான் திரும்புவார்கள் என்று தெரியும். போகச் சொன்னதே நான்தான். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் நானும் வீரமுத்துவும் மட்டும் கூடத்தில் இருந்தோம்.

என்னுடைய பயிற்சி முடிந்து அவன் பெஞ்சில் மல்லாந்தான். “அறுவது போதும்ணே, இன்னிக்கு ஒடம்பு ஒரு மாதிரி இருக்கு” என்றான். நான் பாரம் போட்டேன். விளிம்பில் விரலால் தடவிப் பார்த்து, குழி இல்லாத தட்டுகளாக எடுத்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாயின் விதி அவனுக்கும் அவ்வளவு பழக்கம். கம்பி கொள்ளும் மட்டும் போட்டுவிட்டு, அறுபது என்று சொன்னேன்.

தாங்கியிலிருந்து கம்பியை எடுத்துக் கையில் கொடுப்பது நிற்கிறவன் வேலை. எடுத்தேன். அவன் கழுத்துக்கு நேராகக் கொண்டுவந்து, கையை விட்டேன். கம்பி இறங்கிய வேகத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் காத்திருந்தேன். புடி என்று அவன் சொல்லியிருந்தால் பிடித்திருப்பேனா என்று நீங்கள் கேட்கலாம். அவன் சொல்லவில்லை, அதனால் அந்தக் கேள்வி வரவில்லை. கம்பி தொண்டையில் கிடந்ததால் சொல்ல முடியாமல் போயிருக்கலாம். ஒரு கையை விடுவித்து என் வேட்டி ஓரத்தைப் பிடித்தான். வேட்டியைப் பிடிப்பதெல்லாம் விதியில் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அதிகமாக இருந்த தட்டுகளைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்தேன். பிறகு வெளியே போய்க் கூப்பிட்டேன். டீக்கடையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் கம்பியைத் தூக்கி அப்பால் வைத்தார்கள். நான் வலது தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

அப்போது இருந்த உங்கள் இன்ஸ்பெக்டர் என்னை இரண்டே கேள்விதான் கேட்டார். பக்கத்தில்தானே நின்றாய், ஏன் தூக்கவில்லை என்றார். நான் சட்டையைக் கழற்றி வலது கையை உயர்த்திக் காட்டினேன். முகவாயோடு நின்றது. சற்று முன் தூக்கும்போது தோள் மறுபடி பிடித்துக்கொண்டது என்றேன். திருச்சி டாக்டர் சொன்னதை ஊரே அறியும். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து வருத்தப்பட்டார். அந்தப் பெஞ்சு முழங்கால் உயரம்தான் என்பதை அவரும் பார்த்தார், பிணத்தைப் பார்க்க வந்த டாக்டரும் பார்த்தார், எங்கள் கூடத்துக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். முழங்காலிலிருந்து இடுப்பு வரை நான் எவ்வளவு இழுப்பேன் என்று தெரிந்தவன் செத்துக் கிடந்தான். அந்தக் கம்பியை நான் ஒரு மூச்சில் எடுத்திருக்கலாம். ஒன்றரை வருஷம் நான் பழகியதே அந்த உயரத்தில்தான்.

வீரமுத்துவின் மனைவி அம்சவள்ளி என் காலடியில் வந்து உட்கார்ந்தாள். அவளே சொன்னாள்.

“நீங்க என்னண்ணே பண்ணுவீங்க. ஒங்க கை அப்படி. அவரு ஒங்கள நெனச்சு அழுவாத நாளில்ல.”

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை அவள் எண்ணெய் காய்ச்சி அனுப்புவாள். நொச்சியும் வாதநாராயணனும் போட்ட எண்ணெய். வீரமுத்து எனக்காகக் காய்ச்சச் சொல்லி வைத்திருந்த பக்குவம். அதைத்தான் இன்றைக்கும் தேய்த்துக்கொள்கிறேன். நல்ல எண்ணெய், தோளுக்கு ஒத்துக்கொள்கிறது.

திருவிழாவுக்கு முன்னால் எல்லாத் தட்டுகளையும் கழுவி, நானே கறுப்பு வர்ணம் அடித்தேன். ஒருமுறை அடித்தால் நிற்காது என்று மூன்று முறை அடித்தேன். வர்ணம் தடிப்பாகப் படிந்து காய்ந்த பிறகு, விளிம்பில் தடவினால் எல்லாம் ஒன்றுபோல வழவழவென்று இருந்தது. குழி எதில் இருந்தது, எதில் இல்லை என்று எனக்கே தெரியவில்லை. கை போன தட்டுகளை மேடைக்கு எடுத்துப் போனேன். வீரமுத்து இல்லாததால் பாரத்தை நானே போட வேண்டியிருந்தது. போடும்போது எல்லாத் தட்டும் ஒரே கனமாகத்தான் இருந்தது. தொண்ணூறு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு தூக்கினேன். தலைக்கு மேல் போய் நின்றது.

இரண்டு வாரத்தில் அம்மன் திருப்பிக் கொடுத்த கை என்றது கூட்டம். பரிவட்டம் கட்ட வந்தபோது, வீரமுத்துவுக்காக ஒரு நிமிஷம் எல்லாரும் மௌனமாக நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். நின்றார்கள். எனக்கு அழுகை வந்தது. அது உண்மையான அழுகை. கூட்டத்தில் அவன் முகம் இல்லை. இல்லாமல் இருந்தது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கஷ்டமாகவும் இருந்தது. இரண்டையும் சொல்கிறேன், நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படி நான்கு திருவிழா. தட்டுகளைக் கூடத்தில் விட்டுவைத்தால் பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுப்பேன். என் வயதில் எவன் தொண்ணூறு தூக்குகிறான் என்று ஊர் பேசியது. தனம் மட்டும் பேசுவதில்லை. வீரமுத்து செத்த அன்று துவைக்கப் போட்ட வேட்டியின் ஓரம் கிழிந்திருந்ததை அவள் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னை எதையும் கேட்பதில்லை. பல்லி என்றுகூடச் சொல்வதில்லை.

இந்த வருஷம் கூடத்தை ராசாங்கம் பார்த்துக்கொள்கிறான். ஆலையில் வேலை செய்கிற பயல், முப்பது வயது. சிமென்ட் தட்டெல்லாம் பழைய காலம் என்று சொல்லி, வசூல் செய்து, திருச்சியிலிருந்து இரும்புத் தட்டு வாங்கிவந்துவிட்டான். ஒவ்வொன்றின் மேலும் எடை எழுத்தாக எழும்பி இருக்கும்படி வார்த்தது. மேடையில் அதைத்தான் போட்டான். நான் வேண்டாம் என்றேன். எல்லார் முன்னாலும் எப்படி விடாப்பிடியாகச் சொல்வது? சுவரைப் பார்த்தேன், கோபுரத்தைப் பார்த்தேன், தூக்கினேன். நெஞ்சுக்கு வந்தது. முகவாயோடு நின்றுவிட்டது. கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கினேன். மறுபடி அதே இடம். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. போதும்ப்பா, வயசாயிடுச்சு என்று யாரோ ஒரு பெண்பிள்ளை இரக்கமாகச் சொன்னாள். அம்சவள்ளியின் குரல் போலிருந்தது. ராசாங்கம் வந்து அதே கம்பியைத் தூக்கினான். பரிவட்டத்தை அவன் தலையில் கட்டினார்கள்.

அதனால்தான் நேற்றுக் காலையில் இங்கே புகார் கொடுக்க வந்தேன். அந்தத் தட்டுகளில் எழுதியிருக்கிற எடை தப்பு, யாரோ கூடுதலாக வார்த்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று சொன்னேன். எழுத்தர் புகாரை வாங்கவில்லை. “பெரியவரே, வூட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க” என்று சிரித்தார். தூக்க முடியாத கிழவன் தட்டைக் குறை சொல்கிறான் என்று நினைத்துவிட்டார். அப்படி நினைக்கிறவர்களுக்கு முழுவதையும் சொன்னால்தான் புரியும் என்று, இரவெல்லாம் யோசித்து இன்றைக்கு உங்களிடம் வந்தேன்.

ஆமாம். வீரமுத்துவைக் கொன்றது நான்தான். அறுபது என்று பொய் சொன்னதும், அவன் பிடித்த கையை எடுத்துவிட்டதும் நான்தான். கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், போடுகிறேன். தூக்கில் போட்டாலும் சரி, நான் எதிர்வாதம் செய்யப் போவதில்லை. இவ்வளவையும் செய்தவன் போயும் போயும் எடையில் பொய் சொல்வானா என்பதை மட்டும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

வர்ணம் அடித்த சிமென்ட் தட்டுகள் எங்கே என்று கேட்டீர்கள். என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், சாக்கில் சுற்றி இருக்கின்றன. தனத்திடம் கேட்டால் காட்டுவாள். ஆனால் அவற்றை நிறுக்க வேண்டிய அவசியம் இல்லை, ஐயா. நான்கு வருஷம் தூக்கியவனுக்குத் தெரியாதா எவ்வளவு கனம் என்று? ராசாங்கத்தின் இரும்புத் தட்டுகளை நிறுத்துப் பாருங்கள், அது போதும்.